பட்டைத் தண்ணீரும் கடைவாய்ப் பல்லும்

மார்ச் 3, 1952. திங்கள். ஆம்பூர்.

காலையில் பனி. எட்டு மணிக்கெல்லாம் வெயில். இரண்டுக்கும் நடுவில் இந்த ஊரில் ஒன்றும் கிடையாது.

பல்வலி. இடது பக்கம், கீழே, கடைசிப் பல்லுக்கு முந்தையது. நேற்று ஆராதனையில் பாடும்போது காற்றுப் பட்டு ஆரம்பித்தது. மூன்றாவது சரணத்தில் வாயை மூடிக்கொண்டேன். உருகி ஜெபிக்கிறேன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

இதுவரை செய்த வைத்தியம்:
1. கிராம்பு. பலன் அரை மணி நேரம்.
2. உப்பு வெந்நீர். பலன் இல்லை.
3. வீட்டுக்காரி ரூத் சொன்னபடி பூண்டு நசுக்கி வைத்தது. நாக்கு வெந்தது. பல் அப்படியே.

தோல் பதனிடும் டேனரியில் இன்று முழுவதும் ஆட்டுத்தோல். தோலை மேஜையில் விரி, பெருவிரலால் தேய், ஓரத்தை மடக்கிப் பார், அடுக்கில் போடு. முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம், தள்ளுபடி. பதினெட்டு வருஷமாக இதே வேலை. மனுஷரையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன் என்று ரூத் சொல்லுவாள். பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது, அதற்கு நான் என்ன செய்ய.

மத்தியானம் காதர் பாய் வந்தார். பட்டைக் குழிகளுக்கு மேஸ்திரி. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்து, இந்தக் குழி இவ்வளவு காரம் என்று சொல்லிவிடுவார். இதுவரை தப்பியதில்லை. என் கன்னத்தைப் பார்த்தார்.

"இன்னா தேவசகாயம், வாயில எலுமிச்சம்பழம் கீதா?"

பல் என்றேன்.

"அரே, இதுக்கா பேஜார் பட்றே? நம்ம குழியில இல்லாத சமாச்சாரமா? தோலே இறுகுது, ஈறு இறுகாதா?"

பழைய இருமல் மருந்து பாட்டில் ஒன்றைக் கழுவி, கடைசிக் குழியிலிருந்து நிறைத்துக் கொடுத்தார். தோல் இளந்தண்ணீர்க் குழியில் தொடங்கிக் கடைசியாக இறங்குகிற குழி, இருப்பதிலேயே காரம் ஜாஸ்தி. எல்லோரும் செய்வதுதான். கத்தி பட்டாலும் அந்தத் தண்ணீர், கால் வெடித்தாலும் அந்தத் தண்ணீர். அதை மருந்து என்றுகூட யாரும் சொல்வதில்லை.

சாயங்காலம் கொப்பளித்தேன். வாயெல்லாம் சுருங்கி, நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. வலி கொஞ்சம் கம்மி மாதிரி.

மார்ச் 5. புதன்.

வெயில். சுண்ணாம்புக் குழிப் பக்கத்திலிருந்து காற்று. வீட்டுக் கதவு சாத்தியும் பிரயோஜனமில்லை.

இரண்டு நாளாகக் கஞ்சிதான். ரூத் அதில் துவையலைக் கரைத்து வைத்தாள். நல்ல எண்ணம். எரிந்தது.

சாயங்காலம் லெந்து நாள் ஆராதனை, ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலம். முடிந்து வெளியே எல்லோருக்கும் சுண்டல். நான் வாங்கவில்லை. போதகர் தோளில் கை வைத்தார். "இந்த வருஷம் உபவாசத்தை எவ்வளவு கண்டிப்பா எடுத்திருக்கீங்கன்னு பாக்கறேன். முகமே வாடிப்போச்சே." பக்கத்தில் நின்ற ரூத் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் தலையைத் தாழ்த்திக்கொண்டேன். பல்வலியைவிட உபவாசம் கௌரவம்.

கொப்பளிப்பது நாளுக்கு ஆறு தடவை. ஈறு கெட்டிப்படுகிறது. விரலை வைத்தால் தெரிகிறது.

மார்ச் 6. வியாழன்.

காலையில் ஈறில் ஒரு சின்னக் கொப்புளம். நாக்குப் பட்டதும் உடைந்தது. கெட்ட ருசி. துப்பினேன். உடனே வலி பாதியாகக் குறைந்தது. இரண்டு மணி நேரம் சொர்க்கம். தரம் பிரிக்கும்போது சீட்டி அடித்தேனாம், கா. பாய் சொன்னார். கொப்புளம் உடைந்ததை அவரிடம் சொன்னேன்.

"வாயில புண்ணைத் திறந்து உடாதே. சீலைத்துணியை இதுல நனைச்சு உள்ளாற அடக்கிக்கோ. ராத்திரி பூரா இருக்கட்டும். மூடிக்கும்."

ரூத் பழைய வேட்டியில் சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்துக் கொடுத்தாள். நனைத்து அடக்கிக்கொண்டேன். மூடிக்கொண்டது.

மார்ச் 7. வெள்ளி.

வலி திரும்பிவிட்டது, இரட்டிப்பாக. கன்னம் வீங்கி, தாடைக்குக் கீழே கோழிமுட்டை அளவு ஒரு உருண்டை. வாய் முழுவதும் திறக்கவில்லை. இரண்டு விரல் நுழைகிறது. மூன்றாவது நுழையவில்லை.

ஊர் டிஸ்பென்சரி. கம்பவுண்டர் விளக்கைப் பிடித்தார், டாக்டர் எட்ட நின்று பார்த்தார்.

"ஆடுற பல்லுன்னா நானே எடுத்துடுவேன். இது ஆடல. வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. பல் டாக்டர் செவ்வா, வெள்ளி ரெண்டு நாள்தான். விடியக்காலம் போய் சீட்டு வாங்கணும்."

இன்று வெள்ளி என்றேன். மணி பதினொன்று என்றார்.

ஆக, செவ்வாய். இன்னும் நாலு நாள். பல்லுக்கென்று ஒரு டாக்டர் இருக்கிறார் என்பதே நாற்பத்து மூன்று வயதில் எனக்குத் தெரிகிற செய்தி.

மார்ச் 9. ஞாயிறு.

கோயிலுக்குப் போகவில்லை. போதகர் ஆள் அனுப்பி விசாரித்தார். ரூத், "உபவாசம் ஜாஸ்தியா போச்சுன்னு சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டாள். இந்த மனுஷிக்கு வாய் அதிகம். நல்ல வேளை, இந்த வீட்டில் ஒருவருக்காவது வாய் சரியாக இருக்கிறது. பிள்ளை இல்லை எங்களுக்கு. இரண்டு பேர்தான்.

துணியை மாற்றி மாற்றி அடக்குகிறேன். பாட்டில் காலி, கா. பாய் வீட்டுக்கே இன்னொன்று கொண்டு வந்தார். இது இன்னும் கெட்டி, அடிமண்டி. வாசலில் நின்றே ரூத்திடம் சொன்னார்: "தங்கச்சி, உங்க வூட்டுக்காரருக்கு இன்னா ஆனாலும் நா பொறுப்பு."

எலெக்‌ஷன் முடிந்து இரண்டு மாதமாகிறது. எதிர்வீட்டுச் சுவரில் எழுத்து இன்னும் அழியவில்லை. சுண்ணாம்பு அடிக்க யாருக்கும் மனசில்லை.

மார்ச் 11. செவ்வாய்.

விடியக்கால பாசஞ்சர். காட்பாடியில் இறங்கி பஸ். பாலாற்றில் வெறும் மணல். இவ்வளவு நீளப் பாலம் எதற்கு என்று ஒருத்தர் கேட்க, பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரிக்கப் போய், தாடையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் எனக்கு முன்னால் முப்பது பேராவது இருப்பார்கள். எல்லோரும் ஒரே மாதிரி கன்னத்தில் கை. காதில் விழுந்தவை:

"நெமிலிலேந்து வர்றோம். மூணு பஸ்ஸு மாறி."

"பல்லுக்குக்கூட டாக்டரா? எங்க ஊர்ல கொல்லன்தான் புடுங்குவான்."

"புடுங்கினானா?"

"பக்கத்துப் பல்லைப் புடுங்கிட்டான். அதான் வந்தேன்."

குடியாத்தத்து நெசவாளி ஒருவர்: "தறியில ஒக்காந்தா வலி தெரியல. எழுந்தா தெரியுது. அதுக்காக எழுந்திருக்காமலே இருக்க முடியுமா?"

பதினொன்றரைக்கு என் முறை. டாக்டர் நடுத்தர வயது, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தார். தையல் மிஷின் மாதிரி காலால் மிதிக்கிற யந்திரம் ஒன்று. சுத்தமான கைகள். நகம் ஒட்ட வெட்டியது. முதல் தரம்.

வாயில் கண்ணாடி வைத்தார். பல்லைத் தட்டினார். நான் கத்தினேன். பிறகு கண்ணாடியைக் கன்னத்துப் பக்கம் திருப்பினார். ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பச் சொன்னார்.

"இது எவ்ளோ நாளா இருக்கு?"

எது என்றேன்.

"உள்கன்னத்துல. பழுப்பா, தடிச்சு, கெட்டியா. ஈறு வரைக்கும் எறங்கியிருக்கு."

தெரியாது என்றேன். உண்மைதான். என் வாய்க்குள் நான் எப்படிப் பார்ப்பது.

"பொகையில போடுவீங்களா?"

இல்லை.

"வெத்தல பாக்கு?"

இல்லை.

"சுருட்டு? சில பேர் நெருப்பு முனையை வாய்க்குள்ள வெச்சுக் குடிப்பாங்க."

இல்லவே இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. சபை உபதேசியாரின் மகன் நான். கோபம் வந்தது.

"பல்லுக்கு மருந்து ஏதாவது போட்டீங்களா?"

கிராம்பு, பூண்டு, உப்பு வெந்நீர் என்றேன். கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னேன்.

கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். குரல் மாறிவிட்டது. மெதுவாகப் பேசினார்.

"பல்லைப் புடுங்கறது ரெண்டு நிமிஷ வேலை. ஆனா இந்தத் தடிப்பு இன்னான்னு தெரியாம நான் அங்க கைவெக்க மாட்டேன். புத்துநோயா இருந்துட்டா, கிளறிவிட்ட மாதிரி ஆயிடும். மெட்ராஸ் போங்க. அங்க ஒரு துண்டு எடுத்துப் பாப்பாங்க. லெட்டர் தர்றேன். திங்கக்கிழமைக்குள்ள போயிடுங்க. தள்ளிப்போடாதீங்க."

இடுப்பில் பென்சிலின் ஊசி ஒன்று. மீதியை ஊர் டிஸ்பென்சரியில் தினமும் போட்டுக்கொள்ளச் சீட்டு. லெட்டரை மடித்து உறையில் போட்டு ஒட்டினார். ஒட்டின உறை.

காட்பாடியில் ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம். பிளாட்பாரத்தில் தோல்கட்டுகள் மெட்ராஸுக்குக் காத்திருந்தன. எங்கள் டேனரி முத்திரை. என் கையால் போட்ட தரம். அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

மார்ச் 12. புதன்.

ரூத்திடம் காலையில் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. முழுவதும் புடைத்து முடித்தாள். முறத்தைச் சுவரில் மாட்டினாள். "எத்தினி மணி வண்டி திங்கக்கிழமை?" என்று கேட்டாள். அவ்வளவுதான். பிறகு கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் வரவில்லை.

சின்னசாமி ஞாபகம். சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவன். கன்னத்தில் புற்று. மெட்ராஸ் போனான். பாதித் தாடையோடு திரும்பினான். முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு டேனரி கேட் பக்கம் வந்து நிற்பான். பேசினால் யாருக்கும் புரியாது. புரிந்த மாதிரி தலையாட்டுவோம். கிறிஸ்மஸ் வரை இருந்தான்.

பயமாக இருக்கிறது. இங்கே எழுதலாம், யாரும் பார்க்கப் போவதில்லை. மிகவும் பயமாக இருக்கிறது.

செய்ய வேண்டியவை:
1. முதலாளியிடம் லீவு. பல் என்று மட்டும் சொல்வது.
2. அடுக்களைக்கு மேலே உடைந்த ஓடு மூன்று. மழைக்கு முன்னால் மாற்றுவது, நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.
3. பெரம்பூரில் ரூத்தின் சித்தப்பா மகனுக்குக் கார்டு. தங்க இடம்.
4. வேட்டி இரண்டு, துண்டு, சின்ன வேதாகமம், லெட்டர்.
5. பிற்பாடு ரூத் இந்த வீட்டிலேயே இருப்பாளா, வாலாஜாவில் தம்பி வீட்டுக்குப் போவாளா? அவளைக் கேட்பது.

முதல் நாலும் ஆயிற்று. ஓட்டுக்காரன் நாளை மறுநாள் வருகிறான். ஐந்தாவது ஆகவில்லை. இரண்டு தடவை அடுக்களை வாசல் வரை போனேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டும் என்றேன்.

துணி அடக்கிக்கொண்டுதான் இருக்கிறேன். இது ஒன்றுதான் வலியைக் கொஞ்சம் மரக்கச் செய்கிறது.

மார்ச் 13. வியாழன்.

மேகம். மழை இல்லை.

லீவு சனிக்கிழமையிலிருந்துதான். வேலைக்குப் போனேன். வீட்டில் உட்கார்ந்தால் ரூத்தின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

காலையில் கா. பாயின் ஆட்கள் அறுபது தோல் கொண்டுவந்து போட்டார்கள். மெட்ராஸ்காரர்களுக்கு அவசர ஆர்டராம். மேலே பார்த்தால் அருமையான நிறம். தேய்த்தால் கெட்டி. மடக்கினேன், அட்டை மாதிரி நின்றது. கத்தியால் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டிப் பார்த்தேன். வெட்டுவாயில் மேலும் கீழும் பழுப்பு, நடுவில் வெள்ளைக் கோடு. உள்ளே பதமாகாத பச்சைத்தோல். இன்னும் ஐந்து எடுத்து வெட்டினேன். அதே கோடு.

கா. பாயைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

"பாய், இதை முதல் குழியில போட்டீங்களா இல்லியா?"

"அவசரம்ப்பா. இளந்தண்ணியில பத்து நாள் எவன் காத்துக்கினு இருப்பான்? நேரா காரமான குழியில எறக்கிட்டேன். நெறம் பாரு, ஜம்முனு கீது."

எனக்குக் கோபம். வாய் திறக்காத கோபம் வேறு. பல்லைக் கடித்துக்கொண்டு பேச வேண்டியிருந்தது, அதுவும் அந்தப் பல்லை.

"நேத்து வந்த ஆளா நீங்க? மொதல்லயே காரத்துல போட்டா மேல் மட்டும் செத்துப்போய் மூடிக்கும். உள்ள எதுவும் போகாது. உள்ள இருக்கிறது வெளிய வராது. மேல பாத்தா கெட்டியா, பழுப்பா..."

அங்கே நின்றுவிட்டேன்.

கா. பாய் என்னைப் பார்க்கிறார். நான் அந்தத் தோலைப் பார்க்கிறேன். பழுப்பா, தடிச்சு, கெட்டியா. டாக்டர் சொன்ன அதே மூன்று வார்த்தை.

அடக்கியிருந்த துணியைத் துப்பிவிட்டுப் பெருவிரலை வாய்க்குள் விட்டேன். பதினெட்டு வருஷம் தோலில் தேய்த்த விரல். உள்கன்னத்தைத் தேய்த்தது. வலப்பக்கம்: ஈரம், வழுவழுப்பு, பச்சை. இடப்பக்கம்: சொரசொரப்பு, இறுக்கம், நன்றாகப் பதப்பட்ட மேல்பரப்பு. எத்தனையோ நாளாக நாக்கு அங்கே போய் வந்துகொண்டிருந்தது. நாக்குக்கு என்ன தெரியும். விரலுக்கு ஒரு நொடியில் தெரிந்தது.

ஓரத்தை நகத்தால் கீறினேன். வலியில் கண்ணில் தண்ணீர். நகத்தில் ஏதோ மாட்டியது. இழுத்தேன். உரிந்து வந்தது, கட்டைவிரல் நகம் அளவுக்கு. மேஜையில் தோல்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். மேலே பழுப்பு, அடியில் வெள்ளை.

"இன்னா அது?" என்றார் கா. பாய்.

"என் கன்னம்."

குனிந்து பார்த்தார். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மேஸ்திரி அல்லவா, விளக்கம் தேவைப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"யா அல்லா. நா செஞ்சதா இது? ஆளையே பதப்படுத்திட்டேனா?"

அப்போதுதான் அவரிடம் மெட்ராஸ் விஷயத்தைச் சொன்னேன். அழுதேன். அவரும். இரண்டு வயசான ஆம்பிளைகள், அறுபது கெட்டுப்போன தோலுக்கு முன்னால். வெளியே இருந்து பார்த்தவன் தோல் தள்ளுபடியானதற்கு அழுகிறோம் என்று நினைத்திருப்பான்.

துணி இனிமேல் கிடையாது. நாளை வெள்ளி. வேலூரில் டாக்டர் இருக்கிற நாள். கா. பாய் கூட வருகிறேன் என்கிறார்.

ரூத்திடம் சொல்லவில்லை. என் கணக்குத் தப்பாக இருந்தால்? ஒரு கையில் நம்பிக்கை கொடுத்து மறு கையில் பிடுங்க முடியாது. நாளை லீவு விஷயமாக வேலூர் ஆபீஸ் என்று சொன்னேன். டேனரிக்கு வேலூரில் ஆபீஸே கிடையாது. அவளுக்கும் தெரியும். சரி என்றாள்.

மார்ச் 14. வெள்ளி.

நீளமாக எழுத வேண்டும். தாடை வலிக்கிறது, கைக்கு ஒன்றுமில்லை.

அதே பாசஞ்சர், அதே பாலம். கா. பாய் வழியெல்லாம் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மூடியைத் திருகிப் பார்த்தார்.

சீட்டு இருபத்து மூன்று. உள்ளே போனதும் டாக்டர் முகம் சுருங்கியது.

"நீங்க மெட்ராஸ் போகலையா? நான் சொன்னது வெளையாட்டா?"

கா. பாய் குறுக்கே வந்தார். "டாக்டர் சாப், ஒரு நிமிஷம். தப்பு என்மேல." பாட்டிலைத் திறந்து மேஜையில் வைத்தார். "இது டேனரி தண்ணி. ஆவாரம்பட்டை, கடுக்காய். தோல் பதம் போட்றது. இதைத்தான் இவரு பதினோரு நாளா வாயில அடக்கிக்கினு இருந்தாரு. ராவும் பகலும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "மருந்து ஏதாவது போட்டீங்களான்னு கேட்டேனே."

"இதை மருந்துன்னு நெனைக்கலீங்க."

"பின்ன இதை இன்னான்னு நெனச்சீங்க?"

தண்ணீர் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் தண்ணீர் அப்படி.

விரல் நுனியை பாட்டிலில் தோய்த்து நாக்கில் வைத்தார். படித்த மனுஷர், வைத்திருக்க வேண்டாம். முகம் முழுவதும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. குழாயடிக்குப் போய் மூன்று தடவை கொப்பளித்துவிட்டு வந்தார். கா. பாய் மரியாதையாகச் சொன்னார்: "இது அடிமண்டிங்க. காரம் கொஞ்சம் ஜாஸ்தி."

பொட்டலத்தில் மடித்து வைத்திருந்த உரிந்த துண்டைக் கொடுத்தேன். அவர் புரட்டிப் பார்த்தார். ஓரத்தில் வெட்டிப் பாருங்கள் என்றேன், நாங்கள் அப்படித்தான் பார்ப்போம் என்று. சின்னக் கத்தியால் வெட்டினார். ஜன்னலுக்குப் போனார். பூதக்கண்ணாடி எடுத்தார். வெகுநேரம் நின்றார். நான் அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் யாருடைய முதுகையும் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

"வாயத் திறங்க."

இடுக்கியால் மிச்சத்தை ஓரத்திலிருந்து தூக்கினார். துணி விட்டு ஒரு நாள் ஆகியிருந்ததால் சுலபமாகக் கழன்றது. ஈறுப் பக்கம் வந்தபோது உள்ளே ஏதோ உடைந்து வாயெல்லாம் சீழ். கிண்ணத்தில் துப்பினேன். இன்னும் துப்பினேன். எட்டு நாளாக உள்ளே அடைபட்டிருந்தது. துப்பத் துப்ப தாடை தானாகத் திறந்தது. ஒரு விரல், இரண்டு, மூன்று.

டாக்டர் பஞ்சால் துடைத்து விரலால் தடவிப் பார்த்தார்.

"அடியில நல்லா இருக்கு. சிவப்பா, மெத்துன்னு இருக்கு. புத்து இல்ல." பிறகு இன்னொரு தடவை, தனக்கே சொல்லிக்கொள்வது போல, "இல்ல."

கா. பாய் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊசி. பிறகு இடுக்கி. இரண்டு நிமிஷ வேலை என்றது சரி, ஆனால் அது அவருடைய கடிகாரத்தில். பல் வந்தது. வேரில் ஓட்டை. தள்ளுபடி, சந்தேகமே இல்லை.

வாய் நிறையப் பஞ்சு. உத்தரவுகள்: இன்று பேசக்கூடாது. நாளையிலிருந்து உப்பு வெந்நீர், வேறு எதுவும் கூடாது. ஊசி தொடர வேண்டும். இரண்டு வாரம் கழித்து வந்து காட்ட வேண்டும். மெட்ராஸ் லெட்டரைத் திருப்பி வாங்கி, உறையோடு கிழித்துக் கூடையில் போட்டார். கா. பாயிடம்: "உங்க டேனரியில இன்னும் எத்தினி பேர் வாயில இதை வெச்சிருக்காங்க?" கா. பாய் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வரும்போது நாலு மணி. கூரையில் ஓட்டுக்காரன். ரூத் கீழே நின்று அவனுக்கு ஓடு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். வீங்கின வாய், சட்டையில் ரத்தம். கையிலிருந்த ஓடு கீழே விழுந்து உடைந்தது.

"இன்னா பண்ணாங்க? மெட்ராஸ்னு சொன்னீங்களே. இங்கயே அறுத்துட்டாங்களா?"

தலையை ஆட்டினேன். அவளுக்கு அது எப்படிப் புரிந்ததோ. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். கா. பாய் தெருமுனையிலேயே நழுவிவிட்டார், தங்கச்சி முகத்தில் எப்படி முழிப்பது என்று. எனக்கோ பேச வாய் இல்லை.

உள்ளே போய்த் தகரப் பெட்டியிலிருந்து இந்த நோட்டை எடுத்தேன். இது எங்கே இருக்கிறது என்று அவளுக்குப் பல வருஷமாகத் தெரியும். ஒரு நாளும் தொட்டதில்லை. ஒரு வெற்றுப் பக்கத்தில் பெரிதாக எழுதி அவள் முன்னால் பிடித்தேன்: பல் மட்டும்தான். புற்று இல்லை. மெட்ராஸ் வேண்டாம்.

படித்தாள். மறுபடி படித்தாள். நோட்டைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். நான் தடுப்பதற்குள் முன்பக்கங்களைப் புரட்டினாள். பூண்டு, சுண்டல், உபவாசம், எல்லாம் படித்தாள். ஒரு இடத்தில் சிரித்தாள். நேற்றையதைப் படித்துவிட்டு, "வேலூர்ல ஆபீஸு" என்றாள். பிறகு புதன்கிழமைப் பக்கம். அங்கே பட்டியலில் வரி வரியாக விரலை ஓட்டினாள்.

என் காதிலிருந்த பென்சிலை எடுத்தாள். ஏதோ எழுதினாள். நோட்டை என் மடியில் போட்டுவிட்டு, கூரையில் இருந்தவனைப் பார்த்து இன்னொரு ஓடு வேண்டுமா என்று கேட்கப் போனாள். அலமாரியிலிருந்த இரண்டு பாட்டிலும் போகிறபோக்கில் சாக்கடைக்குப் போயின.

திருப்பிப் பார்த்தேன். ஐந்தாவது வரிக்குப் பக்கத்தில், குண்டு குண்டாக, அவள் எழுத்து:

இங்கதான் இருப்பேன். இதைக் கேக்க இன்னா பயம்?